பட்டியலில் ஒரு சொல்: அரச கட்டிடங்களும் தொழிலாளியின் கூலியும்



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். நேரம் கிடைக்கும்போது முழுதாக வாசியுங்கள்.

நம் ஊரில் மேசன் வேலை, டைல்ஸ், வயரிங், பெயின்டிங், கம்பி கட்டுதல் என்று ஏதாவது ஒரு கட்டிட வேலைக்குப் போகும் ஆள் இல்லாத குடும்பம் குறைவு. அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் நாங்கள் பாடம் சொல்லிக் கொடுக்கிறோம். ஆகவே கட்டிடத் தொழிலாளியின் கூலியைப் பற்றிய ஒரு வரலாற்றை எழுத நினைத்தோம். இந்த வரலாறு நடந்தது ஐக்கிய அமெரிக்காவில். அரச பணத்தில் நடக்கும் கட்டிட வேலைகளில் தொழிலாளி ஏமாற்றப்படுவதைத் தடுக்க, அங்கே 90 வருடங்களுக்கு முன்பிருந்தே சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை எப்படியெல்லாம் சுற்றிப் போனார்கள் என்பதும் எழுத்தில் பதிவாகி இருக்கிறது. நாம் படித்துக்கொள்ள அதில் நிறைய உண்டு.

முதலில் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறோம். ஒரு ஒப்பந்தக்காரர் தன்னிடம் வேலை செய்பவரைச் சம்பளப் பட்டியலில் "தொழிலாளி" என்று பதிந்தால் அவருக்காகச் சமூகப் பாதுகாப்பு வரி, வேலையின்மைக் காப்புறுதி, விபத்துக் காப்புறுதி என்று பலதையும் கட்ட வேண்டும். அதே ஆளைச் "சுயாதீன ஒப்பந்தக்காரர்", அதாவது நாம் பேச்சில் சொல்லும் "சப் கொன்ட்ராக்ட்" என்று பதிந்தால் ஒன்றும் கட்டத் தேவையில்லை. ஆள் அதே ஆள்தான். ஏழு மணிக்கு வா என்றால் வருகிறார். பாஸ் காட்டும் சுவரைத்தான் கட்டுகிறார். நாளைக்கு வராதே என்றால் வீட்டில் இருக்கிறார். அவருக்கென்று கம்பனியும் இல்லை, வேறு வாடிக்கையாளரும் இல்லை. பட்டியலில் ஒரு சொல் மாறியது, அவ்வளவுதான். அந்த ஒரு சொல்லால் தொழிலாளிக்கும் அரசுக்கும் சேர வேண்டிய பணம் ஒப்பந்தக்காரரின் பைக்குள் போய்விடுகிறது.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1927ஆம் ஆண்டு நியூயோர்க் மாநிலத்தின் லோங் ஐலண்ட் பகுதியில், முன்னாள் படைவீரர்களுக்காக வைத்தியசாலை ஒன்றைக் கட்ட மத்திய அரசு முடிவு செய்தது. அரச வேலை என்பதால் ஆகக் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம். தெற்கே அலபாமா மாநிலத்திலிருந்து வந்த ஒரு ஒப்பந்தக்காரர் அதை வென்றார். அவர் உள்ளூர் ஆட்களை எடுக்கவில்லை. தெற்கிலிருந்தே குறைந்த கூலிக்கு ஆட்களைக் கொண்டுவந்து வேலை வாங்கினார். உள்ளூர்க் கூலியைக் கணக்கிட்டு விலை போட்டிருந்த நியூயோர்க் ஒப்பந்தக்காரர்கள் தோற்றுப் போனார்கள். தங்கள் வரிப்பணத்தில் எழும்பும் கட்டிடத்தை அந்த ஊர் மேசன்மார் வெளியில் நின்று பார்க்க வேண்டி வந்தது.

அந்தத் தொகுதியின் கொங்கிரஸ் உறுப்பினர் ரொபர்ட் பேக்கன். அவர் அந்த ஆண்டே ஒரு சட்டமூலம் கொண்டுவந்தார். நிறைவேறவில்லை. திரும்பத் திரும்பக் கொண்டுவந்தார். 1929இல் பங்குச் சந்தை விழுந்து பெருமந்தம் தொடங்கியது. தனியார் கட்டிட வேலை குறைந்து, அரச வேலைதான் மிச்சம் என்ற நிலை வந்தது. முன்பு தொழில் அமைச்சராக இருந்து பிறகு பென்சில்வேனியாவின் செனட்டரான ஜேம்ஸ் டேவிஸ் அவருடன் சேர்ந்தார். 1931 மார்ச் 3ஆம் திகதி ஜனாதிபதி ஹூவர் கையெழுத்திட்டார். அதுதான் டேவிஸ்-பேக்கன் சட்டம். அரச கட்டிட வேலை எங்கே நடக்கிறதோ அந்த ஊரில் வழக்கத்தில் உள்ள கூலிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

இந்தச் சட்டத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. தெற்கிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத் தொழிலாளர்கள். சட்டத்தைப் பற்றிய விவாதங்களில் சில உறுப்பினர்கள் அவர்களை இழிவாகப் பேசினார்கள். இதைச் சுட்டிக்காட்டிச் சட்டத்தையே குறை சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்த வேலைத்தளத்தில் குறைந்த கூலிக்கு முதுகு வளைந்தவர்களும் அதே கறுப்பினத்தவர்கள்தானே. மலிவு விலையின் பாரம் முதலில் அவர்கள் தோளில்தான் ஏறியது.

சட்டம் வந்ததும் ஒப்பந்தக்காரர்கள் ஓட்டை தேடினார்கள். முதல் ஓட்டை, திருப்பி வாங்குவது. வெள்ளிக்கிழமை சட்டப்படி முழுக் கூலியும் கொடுத்துக் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு மேற்பார்வையாளர் வந்து அதில் ஒரு பங்கைத் திருப்பிக் கேட்பார். கொடுக்காவிட்டால் திங்கட்கிழமை வேலை இல்லை. இதைத் தடுக்க 1934இல் கோப்லண்ட் சட்டம் வந்தது. கூலியைத் திருப்பி வாங்குவது குற்றமானது. ஒவ்வொரு வாரமும் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று ஒப்பந்தக்காரர் எழுதிக் கையளிக்க வேண்டும் என்ற நடைமுறையும் இதிலிருந்துதான் வந்தது. உண்மை என்று உறுதிப்படுத்திக் கையெழுத்திடும் அந்த வாராந்தச் சம்பளப் பட்டியல் இன்றும் அங்கே நடைமுறையில் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1935இல் டேவிஸ்-பேக்கன் சட்டத்தைத் திருத்தினார்கள். 5,000 டொலருக்கு மேற்பட்ட வேலைகளுக்கு என்று இருந்த எல்லை 2,000 டொலராகக் குறைந்தது. எந்த வேலைக்கு என்ன கூலி என்பதை விலைமனு கோரும்போதே அறிவிக்க வேண்டும் என்றானது. அதோடு முக்கியமான ஒரு வாசகமும் சேர்ந்தது. ஒப்பந்தக்காரருக்கும் தொழிலாளிக்கும் இடையில் எப்படிப்பட்ட ஒப்பந்த உறவு இருப்பதாகச் சொல்லிக்கொண்டாலும், வேலைத்தளத்தில் கையால் வேலை செய்பவருக்கு அந்தக் கூலி கிடைத்தே ஆக வேண்டும் என்பது அதன் பொருள். "இவர் என் தொழிலாளி இல்லை, சப் கொன்ட்ராக்ட்" என்று ஒப்பந்தக்காரர் சொல்லக்கூடும் என்பதைச் சட்டம் எழுதியவர்கள் 1935லேயே எதிர்பார்த்திருக்கிறார்கள். கூலி விஷயத்தில் அந்தக் கதவை அப்போதே மூடிவிட்டார்கள்.

ஆனால் வரி விஷயத்தில் கதவு திறந்தே கிடந்தது. அதே 1935இல்தான் அமெரிக்காவின் சமூகப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. முதுமைக் காலக் கொடுப்பனவுக்காக 1937 முதல் சம்பளத்தில் தொழிலாளி 1 சதவீதம், முதலாளி 1 சதவீதம் கட்டத் தொடங்கினார்கள். 1938இல் வந்த சட்டம் ஒன்று, வாரத்தில் குறிப்பிட்ட மணித்தியாலங்களுக்கு மேல் வேலை செய்தால் ஒன்றரை மடங்கு கூலி என்றது. அந்த எல்லை சில வருடங்களில் 40 மணித்தியாலம் என்று நிலைபெற்றது. 1943 முதல் வருமான வரியையும் முதலாளியே சம்பளத்தில் கழித்து அரசுக்கு அனுப்ப வேண்டும் என்றானது. இவையெல்லாம் நல்ல ஏற்பாடுகள். ஆனால் இவை எல்லாமே "தொழிலாளி" என்ற ஒரு சொல்லில் தொங்கின. அந்தச் சொல்லை நீக்கினால் எல்லாமே கழன்று விழும்.

அப்படியானால் தொழிலாளி என்பவர் யார்? இந்தக் கேள்வி 1947இல் உயர் நீதிமன்றம் வரை போனது. சில்க் என்ற நிலக்கரி வியாபாரியின் வழக்கு அது. அவருடைய முற்றத்தில் நிலக்கரி இறக்கியவர்கள் தங்கள் சொந்த மண்வெட்டியோடு வந்தார்கள், இறக்கிய அளவுக்குக் கூலி வாங்கினார்கள். ஆகவே அவர்கள் தன் தொழிலாளர்கள் இல்லை என்பது முதலாளியின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மண்வெட்டி சொந்தம் என்பதால் ஒருவர் தொழில் அதிபர் ஆகிவிட மாட்டார், நடைமுறையில் யார் யாரில் தங்கியிருக்கிறார் என்றே பார்க்க வேண்டும் என்ற கோணத்தில் தீர்ப்பளித்து, அவர்களைத் தொழிலாளர்கள் என்றது. அதே வழக்கில், சொந்த லொறி வைத்து ஓட்டியவர்களைச் சுயாதீனமானவர்கள் என்றும் சொன்னது. எல்லாரையும் ஒரே தராசில் போடவில்லை.

அந்த விரிந்த பார்வை கொங்கிரசுக்குப் பிடிக்கவில்லை. அடுத்த ஆண்டே, ஜனாதிபதி ட்ரூமன் தன் வீட்டோ அதிகாரத்தால் மறுத்தும் கேளாமல், சமூகப் பாதுகாப்புக்கான "தொழிலாளி" என்ற சொல்லைப் பழைய குறுகிய வரைவிலக்கணத்துக்குத் திருப்பினார்கள்.

1978இல் இன்னொரு படி போனார்கள். வரித் திணைக்களம் தங்களைத் துன்புறுத்துகிறது என்று முதலாளிமார் முறையிட, அந்த ஆண்டின் இறைவரிச் சட்டத்தில் 530ஆம் பிரிவு சேர்க்கப்பட்டது. ஒரு முதலாளி தன் ஆட்களைத் தொடர்ந்து சுயாதீன ஒப்பந்தக்காரர்களாகவே நடத்தி வந்திருந்தால், "எங்கள் தொழிலில் இதுதான் வழக்கம்" என்பது போன்ற ஒரு நியாயத்தைக் காட்டினால், வரித் திணைக்களம் அவரிடம் பழைய பாக்கியைக் கேட்க முடியாது. யார் தொழிலாளி என்று புதிய விதி எழுதவும் திணைக்களத்துக்குத் தடை. ஒரு வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்த தற்காலிக ஏற்பாடு அது. 1982இல் காலவரையறை இல்லாமல் நீடித்துவிட்டார்கள்.

பிழையைப் பலர் சேர்ந்து நீண்ட காலம் செய்தால் அது வழக்கம் ஆகிறது. வழக்கம் ஆனதும் அதுவே பாதுகாப்பும் ஆகிறது. அமெரிக்க வரித் திணைக்களத்தின் சொந்த மதிப்பீட்டின்படி, 1984ஆம் வரி ஆண்டில் 15 சதவீத முதலாளிமார் சுமார் 34 லட்சம் தொழிலாளர்களைப் பிழையாக வகைப்படுத்தி இருந்தார்கள். அரசுக்கு இழப்பு 160 கோடி டொலர்.

இதைத் தனி ஒரு ஆளின் கணக்கில் பார்ப்போம். வாரம் 1,000 டொலர் கூலி என்று வைத்துக்கொள்வோம். இன்றைய வீதப்படி சமூகப் பாதுகாப்புக்கும் முதியோர் மருத்துவத்துக்கும் முதலாளி 7.65 சதவீதமும் தொழிலாளி 7.65 சதவீதமும் கட்ட வேண்டும். முதலாளியின் பங்கு 76 டொலர் 50 சதம். ஆளைச் சுயாதீனமானவர் என்று எழுதினால் இரண்டு பங்கும், ஏறத்தாழ 15.3 சதவீதம், அந்த ஏழை மேசனின் தலையில் விழுகிறது. மேலதிக நேரக் கூலி இல்லை. வேலை போனால் உதவிப்பணம் இல்லை. சாரத்திலிருந்து விழுந்தால் காப்புறுதி இல்லை. கூரை வேலை, உயரத்தில் வேலை என்றால் அந்த விபத்துக் காப்புறுதிக் கட்டணம்தான் முதலாளிக்குப் பெரிய செலவு. அதைக் கட்டாமல் விட்டால்தான் விலையைக் குறைத்துப் போட்டு வேலையை வெல்லலாம்.

2009க்கு வருவோம். முந்திய ஆண்டு வந்த நிதி நெருக்கடியில் கட்டிடத் தொழில் படுத்துவிட்டது. பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி ஒபாமா 78,700 கோடி டொலர் மீட்புத் திட்டத்தில் கையெழுத்திட்டார். வீதி, பாடசாலை, குறைந்த வருமானத்தாருக்கான வீடு என்று பணம் இறங்கியது. இந்தப் பணத்தில் நடக்கும் கட்டிட வேலைகளுக்கு டேவிஸ்-பேக்கன் கூலி கட்டாயம் என்று அந்தச் சட்டத்திலேயே எழுதினார்கள். ஆகவே வாராந்தச் சம்பளப் பட்டியலும் கட்டாயம்.

2014இல் மெக்ளாச்சி பத்திரிகைக் குழுமத்தின் செய்தியாளர்கள் அந்தப் பட்டியல்களைத் தேடி எடுத்து வாசித்தார்கள். வட கரோலினா, புளோரிடா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில், மீட்பு நிதியில் கட்டிய வீட்டுத் திட்டங்களில், சாதாரணக் கட்டிடத் தொழிலாளர்களைச் சுயாதீன ஒப்பந்தக்காரர்கள் என்று நடத்தி, ஒரு சதம்கூட வரி கழிக்காமல் விட்டிருந்தார்கள். இரகசியமாக ஒன்றும் இல்லை. கம்பனிகளே எழுதி, கையெழுத்திட்டு, அரசிடம் கொடுத்த தாள்களில் அது இருந்தது. அதிகாரிகள் தாள்களை வாங்கிக் கோப்பில் போட்டார்கள். கூலி வீதம் சரியா என்று பார்த்தவர்கள் வரிக் கழிவுக் கட்டம் வெறுமையாக இருப்பதைக் கேட்கவில்லை. கூலியைப் பார்ப்பது ஒரு திணைக்களம், வரியைப் பார்ப்பது இன்னொரு திணைக்களம். வரி ஏய்ப்புக்கு அந்த வரியைப் போட்ட அரசே காசு கொடுத்திருக்கிறது!

புளோரிடாவில் இதைவிடத் துணிச்சலான ஒரு முறையும் வெளிவந்தது. ஒருவர் பெயருக்கு ஒரு கம்பனியைப் பதிவார். இரண்டு மூன்று பேர்தான் வேலை செய்கிறார்கள் என்று சொல்லி மிகச் சிறிய விபத்துக் காப்புறுதி எடுப்பார். அந்தக் காப்புறுதிச் சான்றிதழை, காப்புறுதி இல்லாத சிறு கோஷ்டித் தலைவர்களுக்கு வாடகைக்குக் கொடுப்பார். பெரிய ஒப்பந்தக்காரர் அந்தப் போலிக் கம்பனியின் பெயருக்குக் காசோலை எழுதுவார். காசோலையைக் காசாக்கும் கடையில் கழிவு கொடுத்து மாற்றி, கையில் காசாகக் கூலி கொடுப்பார்கள். கணக்கில் இரண்டு பேர், கட்டிடத்தில் நூறு பேர். யாராவது விழுந்தால் அந்தக் கம்பனியைத் தேடினாலும் கிடைக்காது. ஆஸ்பத்திரிச் செலவைக் கடைசியில் பொதுமக்கள்தான் ஏற்க வேண்டும்.

இதற்கு மருந்தே இல்லையா என்றால், சில மாநிலங்கள் வழி கண்டன. மசாசுசெட்ஸ் 2004இல் தன் சட்டத்தைத் திருத்தி இறுக்கியது. வேலை செய்பவர் எல்லாரும் தொழிலாளி என்றே கொள்ளப்படும். இல்லை என்று சொல்லும் முதலாளி மூன்று விஷயங்களை நிரூபிக்க வேண்டும். ஒன்று, அந்த ஆள் தன் இஷ்டப்படி, கட்டுப்பாடு இல்லாமல் வேலை செய்கிறார். இரண்டு, அவர் செய்யும் வேலை கம்பனியின் வழமையான தொழிலுக்கு வெளியே உள்ளது. மூன்று, அவர் அந்தத் துறையில் தனக்கென்று சொந்தத் தொழில் நடத்துகிறார். மூன்றில் ஒன்று தவறினாலும் அவர் தொழிலாளிதான். கட்டிடக் கம்பனியின் மேசன் இரண்டாவதிலேயே தொழிலாளி ஆகிவிடுவார். இலினோய் 2008 முதலும் நியூயோர்க் 2010 முதலும் கட்டிடத் துறைக்கென்றே இப்படிப்பட்ட சட்டங்களை நடைமுறைப்படுத்தின.

இன்னொரு ஆயுதம் மிகப் பழையது. உள்நாட்டுப் போரின்போது இராணுவத்துக்குக் கெட்ட சாமான் விற்ற வியாபாரிகளைப் பிடிக்க, லிங்கன் காலத்தில், 1863இல் வந்த பொய்க் கோரிக்கைச் சட்டம் அது. அரசிடம் பொய் சொல்லிப் பணம் பெற்றால் இழப்பின் மூன்று மடங்கு வரை கட்ட வேண்டி வரும். பொய்யான சம்பளப் பட்டியலில் கையெழுத்திட்டு அரச வேலைக்குப் பணம் பெற்றவர்கள் மீதும் இந்தச் சட்டம் பாய்ந்திருக்கிறது. உள்ளே இருந்து தகவல் கொடுப்பவருக்கு மீட்ட பணத்தில் ஒரு பங்கும் உண்டு.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். நம்மிடமும் நல்ல சட்டங்கள் இருக்கின்றன. வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் 1934இல் வந்தது. ஊழியர் சேமலாப நிதியச் சட்டம் 1958இல் வந்தது. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதியச் சட்டம் 1980இல் வந்தது. பலருக்குத் தெரியாத ஒன்று, ஈபிஎப் என்பது மாதச் சம்பளக்காரருக்கு மட்டும் உரியதில்லை. நாட்கூலிக்கும், தற்காலிகமாகவும், துண்டு வேலைக்கும் ஒரு முதலாளியின் கீழ் வேலை செய்பவருக்கும் அது உண்டு. "நீ கேஷுவல்தானே, உனக்கு ஈபிஎப் இல்லை" என்பது சட்டம் சொல்லும் வார்த்தை இல்லை.

ஒரு மேசன் மாதம் 60,000 ரூபாய் உழைக்கிறார் என்று வைப்போம். ஈபிஎப்புக்கு முதலாளி 12 சதவீதம், 7,200 ரூபாய். ஈடிஎப்புக்கு 3 சதவீதம், 1,800 ரூபாய். மாதம் 9,000, வருடம் 108,000 ரூபாய். இதில் மேசனின் சம்பளத்தில் கழிக்கும் 8 சதவீதம் சேரவில்லை. இது முழுதும் முதலாளி கொடுக்க வேண்டியது. பத்துப் பேர் வேலை செய்தால் வருடத்துக்குப் பத்து லட்சத்து எண்பதாயிரம். சட்டப்படி கட்டும் ஒப்பந்தக்காரரின் விலைமனுவில் இந்தத் தொகை இருக்கும். கட்டாதவரின் மனுவில் இருக்காது. ஆகக் குறைந்த விலைக்குத்தான் வேலை என்றால் யார் வெல்வார் என்று சொல்லத் தேவையில்லை. நேர்மையான ஒப்பந்தக்காரர் இரண்டு தடவை தோற்றால், மூன்றாவது தடவை அவரும் பட்டியலில் சொல்லை மாற்றுவார், அல்லது தொழிலை விட்டுப் போவார். லோங் ஐலண்டில் 1927இல் நடந்ததும் இதுதான்.

இதில் தொழிலாளியின் மீது குறை சொல்ல முடியாது. கையில் முழுக் கூலி வருகிறதே என்று அவர் சந்தோஷப்படுகிறார். அறுபது வயதில் முழங்கால் போன பிறகுதான், ஒரு பாடசாலைச் சிற்றூழியருக்குக் கிடைப்பதுகூடத் தனக்கு இல்லை என்று தெரிகிறது. முப்பது வருடம் அவர் கட்டிய கட்டிடங்களில் பாதி அரச கட்டிடங்கள். எங்கள் வகுப்பறைகளும் அதில் அடக்கம்.

நாம் செய்யக்கூடியது என்ன? வேலைக்குப் போகும் சகோதரர்கள் எந்தத் திகதி, எந்த வேலைத்தளம், எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கூலி என்று ஒரு சிறிய கொப்பியில் எழுதி வையுங்கள். ஈபிஎப் அங்கத்துவ இலக்கம் என்ன என்று முதல் மாதமே கேளுங்கள். தரவில்லை என்றால் தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். அப்போது அந்தக் கொப்பி பேசும்.

வேலை கொடுக்கும் இடத்தில் இருக்கும் நாமும் யோசிக்க வேண்டும். பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தில் இருக்கிறோம், பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருக்கிறோம், பிரதேச சபையில் இருக்கிறோம். மூன்று விலைமனு வந்தால் ஆகக் குறைந்ததைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துவிட்டு, "சங்கத்துக் காசை மிச்சம் பிடித்தோம்" என்று கூட்டத்தில் அறிக்கை வாசிக்கிறோம். அந்த மிச்சம் சீமெந்தில் வந்ததா, கம்பியில் வந்ததா, இல்லை மேசனின் ஈபிஎப்பில் வந்ததா என்று ஒருவராவது எழுந்து கேட்க வேண்டும். கூலியை உரிய நேரத்தில் முழுதாகக் கொடுப்பது பற்றி ஜும்ஆவில் எத்தனையோ பயான் கேட்டிருக்கிறோம். சேமலாபப் பணமும் கூலியின் ஒரு பங்குதான், கொஞ்சம் பிந்திக் கையில் வரும் பங்கு.

அடுத்த முறை விலைமனு திறக்கும் கூட்டத்தில் மூன்று ஒப்பந்தக்காரர்களிடமும் ஈபிஎப் கட்டிய பற்றுச்சீட்டைக் கேட்டுப் பாருங்கள். யாரிடம் இருக்கிறது, யாரிடம் இல்லை என்று இங்கே பின்னூட்டத்தில் பெயர் போட வேண்டாம். கூட்ட அறிக்கையில் பதிந்தால் போதும்.